ஸர் கில்பர்ட் வாக்கர்

மழை பொய்த்தால் உழவன் வாடுவான். மிகுந்தால் நெசவாளனும் வாடுவான். காஞ்சி மாநகரில் ஐப்பசி அடைமழையில் தறிக்குழியில் நீர் சுரக்கும். தெருவில் பாவு விரிக்க வெயில் இராது. இம்மழையின் ஏற்றக் குறைவு தொலைவிலுள்ள பசிபிக் மாகடலோடும் தொடர்புடையது என்று அறிய வழி வகுத்தவர் ஸர் கில்பர்ட் வாக்கர் ஆவார்.

இவர் 1868-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரியிற் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் முதல்வராகத் தேறினார். குழலிசையிலும் வளைதடி எறிவதிலும் பெருவிருப்புடையவர். வானிலை நூலை முறையாகப் பயிலாத இவரே 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைவரானார்.

ஏற்ற பொறுப்போ பெரிது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை மக்கள் மறந்திலர். 1899-லும் நாட்டிற் பெரும்பகுதியில் மழை தவறிற்று. வரும் பருவத்தின் தன்மையை முன்னரே அறியின் எத்துணை உயிர்களைக் காக்கலாம்! வாக்கர் உலகின் பல பகுதிகளினின்றும் காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் கணக்குகளைத் திரட்டினார். இந்தியக் கணக்கர் பலர் அவற்றை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுக் கணித்தனர். பசிபிக் கடலில் அழுத்தம் உயருங்கால் இந்துமாக்கடலில் தாழ்வதும், அங்குத் தாழுங்கால் இங்கு உயர்வதும் தராசுத் தட்டுகள்போற் புலப்பட்டன. இதனை அவர் தென் அலைவு என்றழைத்தார்.

தகுதி எங்கிருப்பினும் போற்றுவது அவர் இயல்பு. 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராயிருந்த இராமானுஜனின் கணிதக் குறிப்புகளைக் கண்டு வியந்து, பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். அதன் பின்னர் இராமானுஜனுக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது.

1924-இல் இந்தியாவை விட்டகன்ற வாக்கர், பின்னர் இலண்டனிற் பேராசிரியராயிருந்து, 1958-இல் மறைந்தார். அலைவு உண்டெனக் காட்டிய அவரால் அதன் காரணத்தைக் காட்ட இயலவில்லை. ஆதலின் ஐயுற்றோரும் பலர். 1969-இல் பியர்க்னஸ் என்னும் அறிஞர், அவ்வலைவு பசிபிக் நீரின் வெப்பத்தோடு பிணைந்ததென விளக்கி, அங்குள்ள காற்றுச் சுழற்சிக்கு வாக்கர் பெயரையே சூட்டினார்.

கிழக்கிலிருந்து வீசும் காற்று தளர்ந்தால், வெந்நீருக்கும் அதன் கீழுள்ள தண்ணீருக்கும் இடையே கெல்வின் அலை எழுந்து, நிலநடுக்கோட்டின் வழியே இரண்டு மூன்று திங்களிற் கிழக்குக் கரையை அடையும். அங்குக் கடல் வெப்பமுறும். இதுவே எல் நினோ. மேற்கே மெல்லச் செல்லும் ராஸ்பி அலைகளோ, கரையில் மோதித் திரும்பி, காலம் தாழ்த்து அவ்வெப்பத்தைத் தணிக்க உதவும். எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். நம் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் மிகும். 2015-இல் காஞ்சிபுரம் மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியதும் அத்தகைய ஓராண்டிலேயே.

காற்றையும் கடலையும் ஆளும் ஆண்டவர் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு வைத்துள்ளார். அதனைப் பொறுமையுடன் தேடி, தாம் விதைத்ததைப் பிறர் அறுக்க விட்டுச் சென்ற வாக்கரின் வாழ்வு மாணவராகிய நமக்கு நல்விளக்காகுக.