ரெண்டு குட்டி ஷூ, நடுவில் ஒரு கம்பி... யார் இந்த டெனிஸ் பிரவுன்?

வளைந்த பாதத்தோடு பிறக்கும் குழந்தைக்கு, மாவுக்கட்டு பிரித்த பிறகு டாக்டர்கள் ஒரு ஷூ கொடுப்பார்கள். ரெண்டு ஷூவையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். அதற்கு ஒரு பெயர் டெனிஸ் பிரவுன் ஸ்பிளின்ட். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகளில் சுருக்கமாக டி.பி. ஷூ.

அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர், குழந்தைகளுக்கென்றே தனி சர்ஜன் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய ஒரு டாக்டர்.

போர்க்களத்திலிருந்து குழந்தைகள் வார்டுக்கு

1892-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தவர் டெனிஸ் பிரவுன். சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து முடித்தது 1914-ல். அதே ஆண்டு முதல் உலகப்போர் தொடங்கிவிட்டது. கலிப்போலியிலும் பிரான்ஸிலும் ராணுவ டாக்டராக வேலை பார்த்தார்.

போர் முடிந்ததும் ஊர் திரும்பாமல் இங்கிலாந்திலேயே தங்கினார். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைதான் அதன்பின் அவருடைய உலகம்.

அப்போது என்ன பிரச்சினை?

அந்தக் காலத்தில் குழந்தைகளுக்கும் ஆபரேஷன் செய்தது பெரியவர்களைப் பார்க்கும் சர்ஜன்கள்தான். ஆனா, குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் இல்லை. பச்சிளம் குழந்தைக்குக் கொஞ்சம் ரத்தம் போனாலே ஆபத்து, உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும், பிறவிக் குறைபாடுகளும் வேறு மாதிரி.

பிரவுன் குழந்தைகளுக்கு மட்டுமே அறுவை சிகிச்சை செய்வது என்று முடிவெடுத்தார். பிரிட்டனில் அப்படி முழுநேரமாக இறங்கிய முதல் சர்ஜன் அவர்தான். குழந்தைகளுக்கேற்ற கருவிகளையும் தானே வடிவமைத்தார். எதையும் அடித்துப் பேசும் ஆள் என்பதால் சக டாக்டர்களோடு உரசலுக்கும் குறைவில்லை.

சங்கம் எதற்கு?

ஒரே ஒரு டாக்டர் திறமையாக இருந்தால் அவரிடம் வரும் குழந்தைகள் மட்டும்தான் பிழைக்கும். அது ஒரு தனித்துறையானால், பயிற்சி, மாநாடு, ஆய்வு என்று அறிவு ஊர் ஊராகப் பரவும். அதற்காக 1953-ல் உருவானதுதான் பிரிட்டிஷ் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம். முதல் தலைவர் பிரவுன். பெயரில் பிரிட்டிஷ் என்று இருந்தாலும், பல நாட்டு நிபுணர்கள் கூடும் சர்வதேச மேடையாகவே அது வளர்ந்தது.

இந்தியாவிலும் 1965-ல் இதே துறைக்குத் தனிச் சங்கம் வந்தது. அதற்கு ரெண்டு ஆண்டு கழித்து, 1967 ஜனவரியில் பிரவுன் மறைந்தார். அவர் பெயரில் பிரிட்டிஷ் சங்கம் வழங்கும் தங்கப் பதக்கம், இந்தத் துறையின் பெரிய கௌரவங்களில் ஒன்று.

அவர் சொன்னது எல்லாம் சரியா?

இல்லை. கருப்பைக்குள் ஏற்படும் அழுத்தத்தால்தான் பாதம் வளைகிறது என்று அவர் நம்பினார். மரபணு உட்படப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதே இன்றைய பார்வை. பாதத்தை அழுத்தி நிமிர்த்தித் தகட்டோடு கட்டும் அவருடைய சிகிச்சையும் வழக்கொழிந்துவிட்டது.

இப்போது உலகம் முழுக்கப் பின்பற்றுவது, அமெரிக்காவின் ஐயோவாவில் டாக்டர் பொன்செட்டி உருவாக்கிய முறை. வாராவாரம் மாவுக்கட்டு மாற்றி, பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள். ஆனா, திருப்பிய பாதம் மறுபடி வளையாமல் பிடித்துவைக்க, அந்தக் கம்பி போட்ட ஷூ இன்றும் தேவைப்படுகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று இப்படி வளைந்த பாதத்தோடு பிறக்கிறது. பொதுவாக இந்த ஷூவை முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு தூங்கும்போது மட்டும் சுமார் 4 வயது வரையும் போட வேண்டும். பாதம் நேராகிவிட்டதே, குழந்தை அழுகிறதே என்று பாதியில் கழற்றிவிடுவதுதான் மறுபடி வளைவதற்கு முக்கியக் காரணம். ஷூ உரசிப் புண்ணானால், நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைந்த பாதமும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்தால், எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டுவார்கள். பிறந்த சில வாரங்களிலேயே தொடங்குவது நல்லது.