விக்கி டிரேவ்ஸ்: தந்தையின் பெயரை மறைத்துப் பாய்ந்த ஒலிம்பிக் வீராங்கனை

லண்டனில் 1948-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒலிம்பிக் போட்டி, சுதந்திர இந்தியா ஹாக்கியில் வென்ற முதல் தங்கப் பதக்கத்துக்காக நம் நாட்டில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்த வெற்றிக்குச் சில நாள்களுக்கு முன்னர், அதே வெம்ப்ளியில் அமைந்த நீச்சல் குளத்தில் 23 வயது அமெரிக்க வீராங்கனை விக்கி டிரேவ்ஸ், டைவிங் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். ஸ்பிரிங்போர்டு, உயர்மேடை ஆகிய இரு பிரிவுகளிலும் ஒரே ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் பெண் அவரே.

விக்டோரியா மனலோ என்ற இயற்பெயருடன் 1924 டிசம்பர் 31-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். தந்தை பிலிப்பைன்ஸ் நாட்டவர். தாய் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். வறுமையான குடும்பம். ஆசிய வம்சாவளியினர் பல இடங்களில் விலக்கி வைக்கப்பட்ட காலம் அது. 16 வயதில் டைவிங் பழகத் தொடங்கிய அவர், பெரிய ஹோட்டல் ஒன்றின் நீச்சல் சங்கத்தில் சேர்வதற்காக, தந்தைவழிப் பெயரைக் கைவிட்டு, தாயின் பிறந்த வீட்டுப் பெயரான டெய்லரை ஏற்க நேர்ந்தது. நீரில் பாயும் திறனுக்கும் குடும்பப் பெயருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அந்தப் பெயரே அவருக்கு அனுமதிச் சீட்டாயிற்று.

தந்தை காலமானார். குடும்பத்துக்காக அலுவலகப் பணியில் சேர்ந்த விக்கிக்கு, கொரிய வம்சாவளி டைவிங் வீரர் சாமி லீயின் நட்பு கிடைத்தது. அவர் அறிமுகப்படுத்திய பயிற்சியாளர் லைல் டிரேவ்ஸை 1946-இல் மணந்தார். அவ்வாண்டு முதல் தொடர்ந்து மூன்று முறை உயர்மேடைப் பிரிவில் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றார்.

உயர்மேடையின் உயரம் 10 மீட்டர். அங்கிருந்து பாய்பவர் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நீரைத் தொடுகிறார். எனினும் லண்டனில் அவரை அதிகம் அஞ்சவைத்தது 3 மீட்டர் ஸ்பிரிங்போர்டுதான். ஆகஸ்ட் 3 அன்று கடைசிப் பாய்ச்சலுக்கு முன்பு அவர் பின்தங்கியிருந்தார். முன்னிலையில் இருந்த சோயி ஆன் ஓல்சன், அவருடைய கணவரிடமே பயிற்சி பெற்றவர். தன்னால் இயலாது என்று கலங்கிய விக்கிக்குத் தைரியமூட்டியவர் சாமி லீ. அந்த ஒரு பாய்ச்சலில் தங்கம் கைமாறியது. மூன்று நாள்களில் உயர்மேடைத் தங்கமும் வந்து சேர்ந்தது. ஆடவர் உயர்மேடைப் பிரிவில் சாமி லீயும் தங்கம் வென்றார்.

இரு பதக்கங்களும் கணவரின் பெயரிலேயே பதிவாகின. மறு ஆண்டு பிலிப்பைன்ஸ் சென்ற அவர், தந்தையின் மண்ணில் டைவிங் சாகசங்களை நிகழ்த்திக் காட்டினார். பின்னர் தொழில்முறை நீர்விளையாட்டு நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். 1969-இல் சர்வதேச நீச்சல் புகழ் அரங்கில் இடம்பெற்றார்.

2010 ஏப்ரல் 11 அன்று, 85-ஆவது வயதில் அவர் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, சான் பிரான்சிஸ்கோவில் அவர் வளர்ந்த பகுதியில் ஒரு பூங்கா திறக்கப்பட்டிருந்தது. அதன் பெயர் விக்டோரியா மனலோ டிரேவ்ஸ் பூங்கா.