மலர் நாட்காட்டி அமைத்த தோட்டக்கலைஞர்

பெங்களூரில் மாசி மாதம் பிறந்ததும் சில தெருக்கள் மஞ்சள் நிறம் பூணும். பங்குனியில் ஜக்கரந்தா மரங்கள் ஊதாப் பூக்களைச் சொரியும். சித்திரையில் சரக்கொன்றை பொற்சரங்களைத் தொங்கவிடும். அதனை அடுத்து மயிற்கொன்றை செந்தழல் போலச் சிவந்து நிற்கும். மழை ஓயும் காலத்தில் மரமல்லி வெண்மலர்களை உதிர்த்து மணம் பரப்பும். ஒரு மரம் ஓயும்போது மற்றொன்று தொடங்கும் இவ்வரிசை தானாக மட்டும் அமைந்ததன்று. அதன் பின்னே ஒரு மனிதரின் கூர்ந்த நோக்கும் நெடுநாள் உழைப்பும் உள்ளன. அவர் பெயர் குஸ்டாவ் ஹெர்மன் கிரும்பிகல்.

இளமையும் பயிற்சியும்

கிரும்பிகல் 1865ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், ஜெர்மனியில் டிரெஸ்டன் நகருக்கு அருகிலுள்ள லோமன் என்னும் ஊரில் பிறந்தார். பில்னிட்ஸ் என்னுமிடத்தில் தோட்டக்கலை பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, இலண்டன் ஹைடு பூங்காவின் மலர்ப்பாத்திகளில் பணியாற்றினார். அங்கிருந்து புகழ்பெற்ற கியூ தாவரத் தோட்டத்தில் சேர்ந்தார். உலகின் பல நாட்டுச் செடிகளும் அங்கு வளர்க்கப்பட்டன. எந்தச் செடிக்கு எவ்வளவு வெயில் வேண்டும், எந்த மண் ஏற்கும் என்பவற்றை அவர் அங்கே கண்டறிந்தார்.

1893இல் பரோடா மன்னரின் அழைப்பை ஏற்று இந்தியாவிற்கு வந்தார். 1908இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அரசில் பணியேற்று, லால்பாக் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஆனார்.

லால்பாக்கில் பணி

ஒக்கலிபுரத்தின் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது லால்பாக். 1760இல் ஐதர் அலி தொடங்கிய இத்தோட்டத்தை அவர் மகன் திப்பு சுல்தான் விரிவுபடுத்தினார். இதன் பரப்பு இன்று ஏறத்தாழ 240 ஏக்கர். தோட்டத் தொழிலில் வல்லவரான திகளர் இனத்தாருக்கும் லால்பாக்குக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. அவர்களின் முன்னோர் ஐதர் அலி காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கிரும்பிகல் அயல்நாட்டு விதைகளையும் கன்றுகளையும் வரவழைத்து வளர்த்தார். நல்ல தோட்டக்காரர்களை உருவாக்கப் பயிற்சியளிக்க வழிசெய்தார். காவிரியின் கிருஷ்ணராஜ சாகர் அணையருகே உள்ள பிருந்தாவனத் தோட்டத்தின் அமைப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு.

ஆண்டு முழுவதும் பூக்கும் நகரம்

அவருடைய பெயரை நிலைநிறுத்தியது தெருமரத் திட்டமே. நகரின் ஏதேனும் ஒரு தெருவில் எந்த மாதத்திலும் மரங்கள் பூத்திருக்க வேண்டும் என அவர் எண்ணினார். ஆகவே ஒரு தெருவிற்கு ஒருவகை மரம் என வகுத்து, வெவ்வேறு மாதங்களில் பூப்பவற்றைத் தேர்ந்தெடுத்தார்.

இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது. எந்த மரம் எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது அரும்பு கட்டுகிறது, பூ எத்தனை நாள் நிற்கிறது என்பவற்றை ஆண்டுதோறும் கவனித்தல் வேண்டும். மடகாஸ்கரிலிருந்து வந்த மயிற்கொன்றையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஜக்கரந்தாவும் இந்நகரின் வெயிலையும் மழையையும் எப்படி ஏற்கின்றன என்று காணல் வேண்டும். மேலும், நட்ட கன்று பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். தேர்வு பிழையானால் அதுவரை தெரியாது. நடுபவருக்கு அறிவோடு பொறுமையும் வேண்டும்.

இவ்வாறு பூக்களைக் கொண்டு காலத்தை அறியும் எண்ணம் புதியதன்று. ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் கார்ல் லின்னேயஸ், எந்தப் பூ எந்த நேரத்தில் விரியும், எப்போது கூம்பும் என்று கவனித்து, பூக்கடிகாரம் என்னும் கருத்தை 1751இல் நூலில் எழுதினார். நம் முன்னோரும் நிலங்களுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பூக்களின் பெயர்களையே வைத்தனர். லின்னேயஸ் பூக்களால் நாளின் நேரத்தைக் காட்ட எண்ணினார். கிரும்பிகல் மரங்களால் ஆண்டின் மாதங்களைக் காட்டினார்.

சோதனையும் நிறைவும்

உலகப்போரின்போது இங்கிலாந்தும் ஜெர்மனியும் பகை நாடுகளாயின. பிறப்பால் ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்தால் கிரும்பிகல் காவலில் வைக்கப்பட்டார். தம் உழைப்பால் அழகு பெற்ற நாட்டிலேயே அவர் அயலாராகக் கருதப்பட்டார். ஆயினும் அவர் இந்நாட்டைவிட்டு நீங்கவில்லை. 1932இல் அரசுப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் தோட்டங்கள் குறித்து ஆலோசனை கூறிவந்தார். விடுதலை பெற்ற இந்தியாவைக் கண்டு, 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள், தம் 90ஆம் வயதில் பெங்களூரிலேயே மறைந்தார். லால்பாக் அருகே ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

இன்று சாலைகளை அகலப்படுத்தும்போது பழைய மரங்கள் பல வீழ்கின்றன. ஒரு தெருவின் மரங்கள் மறைந்தால், மலர் நாட்காட்டியில் ஓர் ஏடு கிழிந்துபோகிறது. அதனை மீண்டும் எழுதப் பல ஆண்டுகள் ஆகும். வேற்று நிலத்தில் பிறந்த மரங்களும் மனிதரும் இம்மண்ணில் வேரூன்றி இதற்கு அழகு சேர்த்துள்ளனர் என்பதைக் கிரும்பிகலின் வாழ்வு உணர்த்துகிறது.

சொற்பொருள்

சொரியும் – மிகுதியாக உதிர்க்கும்
செந்தழல் – சிவந்த நெருப்பு
கூம்பும் – குவியும்
ஏடு – புத்தகத்தின் தாள்

பயிற்சி

1. கிரும்பிகல் கியூ தோட்டத்தில் அறிந்துகொண்டவை யாவை?
2. தெருமரங்களைத் தேர்ந்தெடுப்பதற்குப் பொறுமை ஏன் வேண்டும்?
3. லின்னேயஸின் எண்ணத்திற்கும் கிரும்பிகலின் திட்டத்திற்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமைகளை எழுதுக.
4. பிரித்து எழுதுக: பொற்சரம், வெண்மலர், வேரூன்றி.
5. உம் தெருவிலோ பள்ளியிலோ உள்ள ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்க. அதன் தமிழ்ப் பெயரை வீட்டுப் பெரியோரிடமும் கன்னடப் பெயரை நண்பரிடமும் கேட்டு எழுதுக. அது இலை உதிர்க்கும், தளிர்க்கும், பூக்கும் மாதங்களை ஓராண்டு குறித்து வருக.