நீச்சலில் இந்தியாவின் ஒரே ஆசியத் தங்கம்: யார் இந்த சச்சின் நாக்?

ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் நீச்சல் பதக்கப் பட்டியலை எடுத்துப் பாருங்க. 1951 டெல்லி முதல் 2023 ஹாங்சோ வரை இந்தியாவின் கணக்கில் தங்கம் ஒன்னே ஒன்னுதான். முதல் போட்டியிலேயே, ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சச்சின் நாக் வென்றது. எல்லா விளையாட்டுகளையும் சேர்த்தாலும், ஆசியப் போட்டிகளில் இந்தியாவின் முதல் தங்கம் அதுதான்.

1920-இல் பனாரஸில் பிறந்து, கொல்கத்தாவில் பெயர் எடுத்தவர். 1947 கலவரத்தின்போது காலில் குண்டு பாய்ந்தது. நீச்சல்காரருக்குக் கால் என்றால் சும்மாவா? ஆனா, மறு வருஷமே லண்டன் ஒலிம்பிக்கில் நீந்தினார். வாட்டர்போலோவில் சிலியை இந்தியா 7-4 என வீழ்த்தியபோது, 4 கோல் அவருடையது.

1951-க்குப் பிறகு, ஆசிய நீச்சலில் அடுத்த இந்தியப் பதக்கத்துக்கே 35 வருஷம் ஆச்சு: 1986 சியோலில் கஜான் சிங்கின் வெள்ளி. அடுத்த ஆண்டு நாக் இறந்துபோனார். பத்மஸ்ரீ அறிவிச்சது 2020-இல்.