பாடசாலையை வெறுத்த சிறுவன் பாடசாலை அமைத்த கதை

சென்ற பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமைக் காலை, இல்-பிசாரில் எமது தமிழ் வகுப்புத் தொடங்குமுன், தாயார் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய பத்து வயது மகனுக்குத் திங்கட்கிழமை தோறும் வயிற்றுவலி வருகின்றது. வைத்தியரோ நோயேதும் இல்லை என்கின்றார். பிரெஞ்சுப் பாடசாலையில் அவன் வாய் திறப்பதே இல்லையாம். அவனைப் பாடசாலையால் நிறுத்தி வீட்டிலே வைத்துப் படிப்பித்தால் என்ன என்பதே அக்கேள்வி. ஊரிலே பல ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற எமக்கும் உடனே மறுமொழி கூற இயலவில்லை. அன்று கூறாத மறுமொழியை, இவ்வாண்டுவிழா மலரில், உலகம் அறிந்த ஒரு பெரியாரின் வரலாற்றின் வழியாகக் கூற விழைகின்றோம். அவர் மகாகவி இரவீந்திரநாத் தாகூர்.

அழுது சேர்ந்த பிள்ளை

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கல்கத்தாவில், ஜோராசாங்கோ என்னும் பகுதியிலிருந்த பெருமாளிகையிற் பிறந்தார். தந்தையார் பிரம்ம சமாசத்தின் தலைவர்களுள் ஒருவரான தேவேந்திரநாதர். தாயார் சாரதா தேவியார். நிலைத்து வாழ்ந்த பிள்ளைகளுள் இவரே கடைசியானவர். வீடு பெரிது, ஆயினும் குழந்தை வளர்ந்தது வேலைக்காரரின் பொறுப்பிலே. ஒரு வேலைக்காரர் சிறுவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அதைத் தாண்டலாகாது என்று அச்சுறுத்திவிட்டுப் போய்விடுவார். சீதையின் கதை தெரிந்த சிறுவன் அவ்வட்டத்துள்ளேயே இருந்து, சன்னலின் வழியே குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பான்.

தமையனும் மருமகனும் பாடசாலைக்குச் செல்வதைக் கண்டு, தானும் போகவேண்டும் என்று அவன் அழுதான். வீட்டு ஆசிரியர் ஓர் அறை கொடுத்து, இன்று போவதற்கு அழுகின்றாய், நாளை போகாதிருப்பதற்கு இதைவிடக் கூடுதலாக அழுவாய் என்று எச்சரித்தார். அதைவிடச் சரியாகப் பலித்த வாக்கைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்று தாகூர் பிற்காலத்தில் நகைச்சுவையாக நினைவுகூர்ந்தார்.

அவருடைய நினைவின்படி முதற் பாடசாலை ஓரியண்டல் செமினரி. பாடம் ஒப்புவிக்க முடியாத பிள்ளை வாங்கின்மேல் ஏறி நின்று கைகளை நீட்ட, கைகளில் கற்பலகைகளை அடுக்குவது அங்குள்ள தண்டனை. சிறுவன் அங்கே கற்றது பாடத்தையன்று, ஆசிரியரின் கோபத்தையே. வீட்டுக்கு வந்து விறாந்தையின் மரக்கம்பிகளை மாணவராக்கி, கையிற் பிரம்பெடுத்து அவற்றை விளாசுவானாம்! மாணவச் செல்வங்களே, நீங்களும் வீட்டில் இவ்விளையாட்டை ஆடியிருப்பீர்கள்.

அடுத்தது நார்மல் பாடசாலை. அங்கே ஓர் ஆசிரியர் தீய சொற்களால் பிள்ளைகளைத் திட்டுபவர். அவருடைய கேள்வி எதற்கும் விடை கூறுவதில்லை என்று முடிவுசெய்த சிறுவன், ஆண்டு முழுவதும் வகுப்பின் கடைசியில் மௌனமாக அமர்ந்திருந்தான். ஆண்டிறுதியில் வேறொரு பண்டிதர் வங்காள மொழிப் பரீட்சை நடத்தினார். முதலாவதாக வந்தவன் அவனே! ஆசிரியர் நம்பவில்லை. பக்கச்சார்பு என்று முறையிட்டார். மேற்பார்வையாளரை அருகில் இருத்தி மறுபடியும் பரீட்சை வைத்தனர். அப்போதும் அவனே முதலாவது. வாய் திறவாத பிள்ளை அறியாத பிள்ளை என்று எண்ணும் பெற்றோரும் ஆசிரியரும், எம்மையும் சேர்த்தே சொல்கின்றோம், இந்நிகழ்ச்சியை மறத்தலாகாது.

வீட்டிலே நடந்த பாடசாலை

பாடசாலைக்கு வெளியே தாகூர் சும்மா இருந்தார் என்று எண்ணவேண்டா. மூன்றாவது தமையனார் ஹேமேந்திரநாதர் தம்பியரின் கல்வியைத் தம் தலைமேற் கொண்டார். விடியுமுன் மல்யுத்தப் பயிற்சி. பின்னர் மருத்துவ மாணவர் ஒருவரிடம் எலும்புகளின் பெயர்கள். அதன்பின் கணிதமும் வரலாறும் புவியியலும். பாடசாலை விட்டு வந்ததும் சித்திரமும் உடற்பயிற்சியும். இரவு விளக்கின் முன் ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானச் சோதனைகள். ஆங்கில ஆசிரியரோ மழை கொட்டித் தெரு வெள்ளமானாலும் குடையோடு வந்து நிற்பார். அவர் வரக்கூடாது என்று சிறுவன் வேண்டாத நாளில்லை. வயிற்றுவலி என்று தாயிடம் சொல்வதும் உண்டு. தாய் உள்ளூரச் சிரித்துக்கொண்டு, இன்று பாடம் வேண்டாம் என்று ஆசிரியருக்குச் சொல்லியனுப்புவார். திங்கட்கிழமை வயிற்றுவலி இக்காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த நோயன்று!

ஹேமேந்திரநாதரிடம் ஓர் உறுதி இருந்தது. கல்கத்தாவிலே ஆங்கில மோகம் ஓங்கியிருந்த அக்காலத்தில், தாய்மொழியில் அடித்தளம் இடாமல் ஆங்கிலத்தைத் தொடக்கூடாது என்பதே அது. தம் அறிவு வளர்ந்ததற்கு அவ்வுறுதியே காரணம் என்று தாகூர் என்றும் நன்றி பாராட்டினார்.

1873ஆம் ஆண்டில் பூணூற் சடங்கு முடிந்ததும், தந்தையார் மகனைத் தம்முடன் யாத்திரைக்கு அழைத்துச் சென்றார். சாந்திநிகேதனம், அமிர்தசரசு, இமயமலைச் சாரலிலுள்ள டல்ஹௌசி எனப் பல திங்கள் தந்தையும் மகனும் ஒன்றாக இருந்தனர். விடியுமுன் வடமொழி, பகலில் ஆங்கிலம், இரவில் முற்றத்தில் அமர்ந்து விண்மீன்களைக் காட்டி வானியல். பணப்பெட்டியைக் காக்கும் பொறுப்பையும், தம் பொற்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் தந்தை மகனிடம் ஒப்படைத்தார். மகன் ஆர்வ மிகுதியால் முறுக்கிய முறுக்கில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குத் திருத்த அனுப்பப்பட்டது. தந்தை கடிந்துகொள்ளவில்லை. கையிற் தடியுடன் மலைக்காட்டில் தனியே உலாவவும் விட்டார். பாடசாலை ஆண்டுகள் அனைத்தும் தராத ஒன்றை அச்சில திங்கள்கள் தந்தன. அதன் பெயர் நம்பிக்கை.

திரும்பி வந்தபின் பாடசாலை மேலும் கசந்தது. வங்காள அக்கடமியை விட்டுப் புனித சவேரியார் கல்லூரியிற் சேர்த்தனர். அங்கும் மனம் ஒட்டவில்லை. ஆயினும் அங்கே பெற்ற ஒரு நினைவை மட்டும் அவர் வாழ்நாள் முழுதும் போற்றினார். டி பெனெரண்டா என்னும் ஸ்பானியக் குருவானவர், எழுதாமல் இருந்த சிறுவனின் பின்னே வந்து, தோளிற் கைவைத்து, உடல்நலம் இல்லையா என்று கனிவுடன் வினவினார். அவ்வளவே. தண்டித்த ஆசிரியரையும் அவர் மறக்கவில்லை. தோள் தொட்ட ஆசிரியரையும் மறக்கவில்லை.

1875இல் தாயார் மறைந்தார். பாடசாலைப் படிப்பும் அக்காலத்திலேயே நின்றது. இவன் ஆளாவான் என்றிருந்த நம்பிக்கை போயிற்று என்று மூத்த தமக்கையார் வருந்தினார். வீட்டு ஆசிரியர் ஒருவர் உத்தியை மாற்றினார்: பாடப்புத்தகத்தை மூடிவிட்டுக் காளிதாசரின் குமாரசம்பவத்தைக் கற்பித்தார், சேக்சுபியரின் மக்பெத் நாடகத்தை விளக்கி, அதனை வங்காளக் கவிதையாக்கி முடிக்கும்வரை சிறுவனை அறையிலிட்டுப் பூட்டினார். ஆகவே வீட்டுக்கல்வி என்பது கட்டுப்பாடின்மை அன்று. 1878இல் இங்கிலாந்து சென்ற தாகூர், இலண்டன் யூனிவர்சிற்றிக் கல்லூரியிற் சிறிது காலம் பயின்று, பட்டம் எதுவும் இன்றி 1880இல் திரும்பினார்.

மரத்தடியில் ஒரு பாடசாலை

தந்தையான பின்னர் தாகூர் தம் பிள்ளைகளை எங்கே படிப்பித்தார்? முதலிற் சிலைடா என்னும் ஊரில், பதுமா நதிக்கரை வீட்டில், ஆசிரியர்களை அமர்த்தியும் தாமே வங்காளம் கற்பித்தும் வீட்டுக்கல்வி அளித்தார். ஆனால் அதனோடு அவர் நின்றுவிடவில்லை. 1901ஆம் ஆண்டு டிசெம்பர் 22ஆம் நாள், சாந்திநிகேதனத்தில் ஐந்தே மாணவருடன் ஒரு பாடசாலையைத் தொடங்கினார்; மூத்த மகன் ரதீந்திரநாதரும் அவ்வைவருள் ஒருவர். பிள்ளைகள் பாயைக் கையில் எடுத்துச்சென்று மரநிழலில் அமர்ந்தனர். பிரம்பு இல்லை. பாட்டும் நாடகமும் மண்வேலையும் கல்வியாயின.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. பாடசாலைக் கடனுக்காக மனைவி மிருணாளினி தேவியாரின் நகைகள் விற்கப்பட்டன. அவ்வம்மையார் 1902இல் மறைந்தார். அடுத்த ஆண்டு மகள் ரேணுகா. 1907இல் இளைய மகன் சமீந்திரநாதன். அத்துயரின் நடுவிலும் பாடசாலை மூடப்படவில்லை. 1913இல் நோபல் பரிசு வந்தது. 1921இல் அப்பாடசாலையுடன் விசுவபாரதி என்னும் பல்கலைக்கழகம் எழுந்தது. சத்யஜித் ராயும் அமர்த்தியா சென்னும் சாந்திநிகேதனத்திற் பயின்றவர்களே. 1934இல் எம் இலங்கைத் தீவுக்கு வந்து, ஹொரணையில் சிறீபாலி என்னும் கல்விக்கூடத்துக்கு அவர் அடிக்கல் நாட்டினார். அதற்கு முன், 1929 ஏப்ரலில், இக்கனடா நாட்டின் மேற்குக் கரைக்கும் வந்து, கல்வி மாநாட்டில் ஓய்வின் மேன்மை பற்றிச் சொற்பொழிவாற்றினார். 1941ஆம் ஆண்டு ஆகத்து 7ஆம் நாள், தாம் பிறந்த மாளிகையிலேயே உயிர் நீத்தார்.

தாயாருக்கு எமது மறுமொழி

பாடசாலை பிடிக்காத பிள்ளைகள் எல்லோரும் தாகூர் ஆவதில்லை. அவருக்குச் செல்வம் இருந்தது; அறிஞரான தமையன்மார் இருந்தனர்; வேளைக்கொரு ஆசிரியர் வந்தார். நாமோ போர் துரத்த வெறுங்கையுடன் வந்தவர்கள். தந்தை இரவு வேலை, தாய் பகல் வேலை என்று வாழ்பவர்கள். கியூபெக் மாநிலச் சட்டம் வீட்டுக்கல்வியை அனுமதிக்கின்றது. ஆயினும் எழுத்துமூலம் அறிவித்து, கற்றல் திட்டம் சமர்ப்பித்து, பிள்ளையின் முன்னேற்றத்தை ஆண்டுதோறும் மதிப்பீட்டுக்கு உட்படுத்தல் வேண்டும். பிரெஞ்சும் கற்பிக்கவேண்டும். ஹேமேந்திரநாதரைப் போல நாள்தோறும் பொறுப்பேற்க ஒருவர் வீட்டில் உண்டெனின், அது தக்க வழியே. ஒருவரும் இல்லையெனின், பிள்ளை வீட்டில் இருப்பான், கல்வி இராது.

ஆனால் தாகூரின் வீட்டில் காசின்றிக் கிடைத்தவையும் இரண்டு உண்டு. ஒன்று, தாய்மொழி அடித்தளம். அதற்கே சனிக்கிழமைகளில் பாலம் கடந்து பனியில் வருகின்றோம். மற்றையது, தந்தை மகனுக்குக் கொடுத்த நேரமும் நம்பிக்கையும். ஆகவே, அம்மா, மகனை நிறுத்துவதற்கு முன், அவன் ஏன் வாய் திறப்பதில்லை என்று அவனிடமே கேளுங்கள். பிரெஞ்சு தெரியாமையா, கேலி செய்யும் தோழரா, கடுஞ்சொல்லா என்று அறியுங்கள். அப்பாடசாலையிலே தோளிற் கைவைக்கும் ஆசிரியர் ஒருவரைத் தேடுங்கள். உடன் வந்து பேச நாமும் ஆயத்தம். இவ்வளவும் செய்தும் பயனில்லையெனின், வீட்டுக்கல்வியைப் பற்றி ஒன்றாக இருந்து சிந்திப்போம்.

மாணவச் செல்வங்களே, வகுப்பின் கடைசி வாங்கில் மௌனமாக இருப்பவனைப் பார்த்துச் சிரியாதீர்கள். அவன் அருகிற் சென்று அமருங்கள். வாழ்க நலமுடன்.