34 ஆண்டுகள் 'சாகாத' கோழி இதயம்... நோபல் டாக்டர் அலெக்சிஸ் கேரல் சறுக்கியது எங்கே?

மாரடைப்பு வந்தா இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போகும். அங்கே புதுத் தசை முளைக்காது, தழும்புதான் விழும். இதை ஸ்டெம் செல் மூலம் சரிசெய்ய முடியுமா என இன்றும் ஆய்வு நடக்கிறது. ஆனால், இதயத்திலிருந்து எடுத்த செல்லை முடிவே இல்லாமல் வளர்க்கலாம்னு 100 வருஷத்துக்கு முன்பே சொன்னவர் ஒருவர் இருக்கிறார்.

யார் இந்த கேரல்?

1873-ல் பிரான்ஸின் லியோன் நகருக்கு அருகே பிறந்தவர். 1894-ல் அதே லியோனில் அதிபர் சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்தது. அதைத் தைக்க அன்றைய டாக்டர்களுக்கு வழி தெரியவில்லை. அதிபர் இறந்துபோனார்.

மருத்துவ மாணவராக இருந்த கேரலை இது உலுக்கிவிட்டது. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே எம்பிராய்டரி போடும் ஒரு பெண்ணிடமே போய் மெல்லிய ஊசியில் தைக்கக் கற்றுக்கொண்டார். குழாயின் வட்டமான வாயை மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் முக்கோணமாகிவிடும். அப்புறம் நேர்கோட்டில் தைப்பது சுலபம். பார்க்கச் சின்ன விஷயம்தான், ஆனால் பைபாஸ், உறுப்பு மாற்று ஆபரேஷன்களுக்கெல்லாம் அடித்தளம் போட்டது இந்தத் தையல். 1912-ல் நோபல் பரிசும் வந்தது.

கோழி இதயத்தில் என்ன நடந்தது?

அதே 1912 ஜனவரி 17. நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் கோழிக்கருவின் இதயத் துணுக்கு ஒன்றை கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது 34 ஆண்டுகள் வளர்ந்தது. செல்களுக்கு சாவே இல்லை என பத்திரிகைகள் கொண்டாடின.

ஆனால் துடிப்பு சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு வளர்ந்தவை இதயத் தசை செல்களே அல்ல, இணைப்புத் திசு செல்கள். மாரடைப்புக்குப் பின் தழும்பை உருவாக்குவதும் இதே வகை செல்கள்தான்!

மற்ற ஆய்வகங்களில் செல்கள் கொஞ்ச நாளில் வளர்ச்சியை நிறுத்தியபோது, பராமரிப்பில்தான் குறை என்றே நினைத்தார்கள். நோபல் வாங்கியவர் சொன்னதை யார் மறுப்பது? 1961-ல்தான் லியோனார்ட் ஹேஃப்லிக், சாதாரண மனித செல்கள் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடும் எனக் காட்டினார். கேரல் ஊற்றிய கருச்சாறு வழியாகப் புது செல்கள் உள்ளே போயிருக்கலாம் என்பது அவரது சந்தேகம். இதயத் தசை செல்கள் நிலைமை இன்னும் மோசம். 25 வயதிலேயே ஆண்டுக்கு சுமார் 1 சதவீதம்தான் புதுப்பிக்கப்படுகின்றன.

கடைசி நாட்கள்

கேரலின் இன்னொரு முகம் கசப்பானது. தகுதியற்றவர்கள் என யாரையோ முத்திரை குத்தி ஒழிக்கச் சொல்லும் இனமேம்பாட்டுக் கொள்கையை 1935-ல் புத்தகமாகவே எழுதினார். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது விஷி அரசு அமைத்த ஆய்வு நிறுவனத்துக்கும் தலைமை ஏற்றார். பாரிஸ் விடுதலையானதும் துரோகக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணைக்கு முன்பே, 1944 நவம்பர் 5-ல் இறந்தார்.

நியூயார்க்கில் இருந்த அந்த செல்களை 1946-ல் குப்பையில் கொட்டினார்கள்.