ஆறாப் புண்ணும் டாக்டர் பால் பிராண்டும்

(இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவர்)

கொல்லிமலை என்றதும் நமக்கு வல்வில் ஓரி நினைவுக்கு வருவான். அம்மலையில்தான் 1914ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சமயப் பணியாளர் குடும்பத்தில் பால் பிராண்டு பிறந்தார். ஒன்பதாம் வயதில் படிப்பிற்காக இங்கிலாந்தில் விடப்பட்ட அவர், தம் தந்தையை மறுபடி காணவேயில்லை; 1929இல் காய்ச்சல் அத்தந்தையை மலையிலேயே கொண்டுபோயிற்று. இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

செங்கற்பட்டில் டாக்டர் காக்ரேன் காட்டிய தொழுநோயாளிகளின் மடங்கிய கைகள்தாம் அவர் வாழ்வைத் திருப்பின. இந்நோயாளிகளின் சதை கெட்ட சதை, அதில் புண் ஆறாது என்பதே அன்று பலரின் எண்ணம். பிராண்டு அதை ஏற்கவில்லை.

ஒருநாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியைத் திருப்பித் திறந்துவிட்டான். அவன் விரலிலோ எலும்பு தெரியும் அளவு காயம். அவனுக்கு அது தெரியவே இல்லை! உறங்குவோரின் விரல்களை இரவில் எலிகள் கடித்ததும் பிறகு தெரியவந்தது. மருந்தாகப் பூனை வளர்த்தார்கள்.

விலங்கியல் மாணவன் என்ற முறையில் இங்கே சற்று நிற்கிறேன். காயம் பட்டால் குருதி உறைகிறது. வெள்ளணுக்கள் கிருமிகளை அகற்றுகின்றன. புதிய இரத்த நுண்குழாய்களும் கொல்லாஜன் இழைகளும் பள்ளத்தை நிரப்ப, மேல்தோல் ஓரங்களிலிருந்து ஊர்ந்து வந்து மூடுகிறது. தொழுநோயாளி உடலிலும் இவ்வளவும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் காலில் முள் குத்தினால் நாம் நொண்டுவோம். நரம்பு மரத்தவர் நொண்டுவதில்லை. புண்மீதே மிதித்து நடப்பதால், பகலில் கட்டிய சுவர் மறுநாள் இடிகிறது. பிராண்டு அப்பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைக் குறைத்தார். ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்கள் வாரக்கணக்கில் ஆறின.

ஒருமுறை இங்கிலாந்து சென்ற இரவில், தம் குதிகாலில் ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தமக்கும் நோய் வந்துவிட்டதென்றே இரவைக் கழித்தார். காலையில் குத்தியபோது வலித்தது; நெடும்பயணத்தில் மரத்த கால்தான். வலிக்காக அவரைப் போல் மகிழ்ந்தவர் வேறு எவரும் உண்டோ!

1966இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றவர், நீரிழிவுக்காரர்களின் கால்புண்ணும் பெரும்பாலும் இதே கதைதான் என்று காட்டினார். இவர்களுக்கு இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் தொல்லை இரட்டிப்பு. 2003இல் பிராண்டு மறைந்தார்.

நம் வடசென்னைக்கு இது தொலைவான செய்தியன்று. பேராசிரியர் எம். விசுவநாதன் 1954இல் பொது மருத்துவமனையாகத் தொடங்கி, பின்னர் நீரிழிவுக்கென்றே ஆக்கிய மருத்துவமனை இராயபுரத்தில்தான். துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தாத்தா சர்க்கரைப் புண்ணால் ஒரு காலை இழந்தவர். செருப்பில் ஆணி ஏறியதுகூட அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் அதைத் தலையெழுத்து என்றே சொல்லி வந்தார்கள். அம்மாவுக்கும் இப்போது சர்க்கரை இருக்கிறது. இரவு படுக்குமுன் அவருடைய இரு பாதங்களையும் விளக்கருகே வைத்துப் பார்த்துவிடுகிறேன்.